இருபத்தாறாவது துண்டு

ஆரணி கொசப்பாளையத்தில் அப்பாண்டை எலெக்ட்ரிகல்ஸ் என்றால் ஸ்டெபிலைசர். வேலூரிலிருந்து திண்டிவனம் வரைக்கும் ஃபிரிட்ஜ் வைத்திருக்கிற வீடுகளில் பாதியிலாவது அந்தச் சாம்பல் நிறப் பெட்டி சுவரில் தொங்கும். மின்சாரம் நூற்று அறுபது வோல்டுக்கு இறங்கினாலும் பெட்டி இருநூற்று முப்பதைக் கொடுக்கும். கொடுப்பதைப் பெட்டியின் முகத்தில் ஒரு ஊசி காட்டும். அந்த ஊசியின் மேல் முதலாளி அப்பாண்டைநாதனுக்கு இருந்த நம்பிக்கையைச் சொல்லி முடியாது. அப்படிப்பட்ட மனிதருக்கு எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் ஆசை வந்துவிட்டது. வாங்குகிற ஆசை என்றால் ஊர் பேசாமல் விட்டிருக்கும். அவருக்கு வந்தது செய்கிற ஆசை.

மதராஸ் ரிச்சி தெருவுக்கு நடையாய் நடந்து சிப்புகளும், அம்மிக்கல் கனத்தில் இரண்டு ஃபிளாப்பி டிரைவும் வாங்கி வந்தார். போர்டைத் தானே வரைந்து, தானே அமிலத்தில் முக்கி எடுத்து, தானே ஈயம் வைத்தார். எட்டு மாதத்தில் போர்டு தயார். தயாரான பிறகுதான் தெரிந்தது, போர்டுக்கு ஒன்றுமே தெரியாது என்று. அதற்கு மேலே ஓடுவதற்கு ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். சி.பி.எம். என்று ஒன்று இருந்தது. முறையாகக் காசு கட்டி அதையும் வாங்கினார். அந்தப் பெயரை டீக்கடையில் சொல்லப்போய், நயினார் என்று ஊர் கூப்பிடுகிற அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று இரண்டு நாள் பேச்சு ஓடியது.

சி.பி.எம். ஓர் அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு தட்டும் தடியாய் ஒரு புத்தகமும். மிஷினுக்கு மிஷின் மாறுகிற பகுதிகளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று புத்தகத்தில் சர்வசாதாரணமாக இரண்டு வரி போட்டிருந்தான் வெள்ளைக்காரன். அந்த இரண்டு வரிக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவள்தான் ஜெபராணி.

அவள் உள்ளூர்ப் பெண். அப்பா தாவீது பட்டு நெசவு. ஜெபராணி எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மதராஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தாள். அங்கே அவள் எழுதிய புரோகிராம்கள் வேறொருவர் கையெழுத்தோடு வெளியே போகும். அவள் பெயர் வருகிற ஒரே இடம் வருகைப் பதிவேடு. ஒரு நாள் அதிலும் கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்த மூன்றாம் வாரம் அப்பாண்டைநாதன் வீடு தேடி வந்து விஷயத்தைச் சொன்னார். முழுதும் நீயே எழுது, நான் குறுக்கே வரமாட்டேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் ஒத்துக்கொண்டாள்.

அவள் எழுதவேண்டியதில் பெரிய பகுதிகள் பல இருந்தன. ஆனால் அவளைப் படுத்தியெடுத்தது இருப்பதிலேயே சின்னது, பூட் லோடர். கரண்ட் கொடுத்த நொடியில் மிஷினுக்குத் தான் யார் என்றுகூடத் தெரியாது. போர்டில் இருக்கிற ஒரு சிப், ஃபிளாப்பித் தட்டின் முதல் துண்டை மட்டும் படித்து உள்ளே போடும்; கேட்டால் மெமரியில் இருப்பதைத் திரையில் காட்டும்; அதற்கு மேல் அதற்கு எதுவும் வராது. அந்த முதல் துண்டில்தான் லோடர் குடியிருக்க வேண்டும். அது மிச்சமுள்ள சி.பி.எம். முழுவதையும் தட்டிலிருந்து இழுத்துவந்து மெமரியில் உட்காரவைத்து, மிஷினை அதன் கையில் ஒப்படைத்துவிட்டு, அடையாளம் தெரியாமல் அழிந்துபோகும். இவ்வளவு வேலைக்கும் அதற்குக் கிடைக்கிற இடம் நூற்று இருபத்தெட்டு பைட். பட்டுச் சேலைக்கு பார்டர் டிசைன் வரைகிற கட்டத் தாள் தாவீது வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதில் எட்டு வரி, வரிக்குப் பதினாறு கட்டம் என்று பென்சிலால் எல்லை கட்டி, கட்டத்துக்கு ஓர் எண்ணாக அவள் எழுதினாள். எல்லையை ஒரு கட்டம் தாண்டினாலும் வேலை பாழ்.

மூன்று மாதம் தாண்டிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் ஒரு சாமர்த்தியம் செய்தாள். தட்டு விநாடிக்கு ஆறு சுற்று சுற்றும். ஒரு வட்டத்தில் இருபத்தாறு துண்டு; லோடருக்கு அடுத்த வட்டம் முழுவதும் சி.பி.எம். ஒரு சுற்று முடிவதற்குள் இருபத்தாறும் படிக்கிற தலைக்குக் கீழே ஓடிவிடும். அப்படியானால் துண்டுகளை எதற்கு எண்ண வேண்டும்? போர்டில் இருக்கிற டைமரை ஒரு சுற்றின் நேரத்துக்கு வைத்துவிட்டு, அது மணி அடிக்கிறவரை வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டே இரு என்று எழுதினால் போதாதா? எண்ணுகிற கணக்கு முழுவதும் மிச்சம். லோடர் நூற்று இருபத்தாறு கட்டத்தில் முடிந்தது. இரண்டு கட்டம் காலியாகவே கிடந்தது. தாளைச் சுவரில் ஒட்டிவைத்துத் தூர நின்று பார்த்தாள். மதராஸ் கம்பெனியில் யாருக்கும் இது தோன்றியிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். அதில் பொய்யும் இல்லை.

எண்பத்தைந்து தை மாதத்தில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குத் திரையில் APPANDAI என்று பெயர் வந்து, அதற்குக் கீழே A என்ற எழுத்தும் ஓர் அம்புக்குறியும் வந்து நின்றன. சி.பி.எம். எழுந்துவிட்டது. ஆரணியில் செய்த மிஷின், ஆரணியில் எழுதிய லோடர். அப்பாண்டைநாதன் போய் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கி வந்தார்.

காலை ஆறரை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. ஒன்பது மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிற வேலையும் ஸ்டெபிலைசர் சோதனையும் ஆரம்பிக்கும். அப்போது லைன் ஏறி இறங்கி ஆடும் என்பதால் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. சாயங்காலமும் ஆகாது. அப்பாண்டைநாதன் ஜைனர், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற குடும்பம். ஐந்து மணிக்குப் பட்டறைக் கதவு பூட்டப்படும், சாவி அவரோடு போய்விடும். ஆகவே கம்ப்யூட்டருக்கு விதிக்கப்பட்ட நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது. இரண்டு வருஷமாக அந்த மிஷின் காலை வெயிலைத் தவிர வேறு பொழுதைப் பார்த்ததில்லை. அதைப் பற்றி ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

முதல் மிஷினுக்கு ஆள் களம்பூரில் கிடைத்தார். நெல் அரவை மில் வைத்திருந்த சம்பந்தம், அங்கே மில்காரர் சங்கத்துக்கும் தலைவர். எந்த லாரி எந்த ஊர் நெல்லைக் கொண்டுவந்தது என்று கேட்டால் உடனே சொல்லுமா என்று கேட்டார். சொல்லும் என்றார் அப்பாண்டைநாதன். அப்படியானால் அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என் மில்லில் வைத்துக் காட்டுங்கள், சங்கத்தில் எல்லோரையும் வரச்சொல்கிறேன், பிடித்திருந்தால் ஒன்பது மில்லுக்கும் போட்டுவிடலாம் என்றார்.

இதே நேரத்தில் பம்பாயிலிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது. எங்கள் கம்ப்யூட்டருக்கு வடஆற்காட்டில் ஏஜென்சி எடுக்கிறீர்களா, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று. அப்பாண்டைநாதன் ஒளித்து மறைக்கிற மனிதர் இல்லை. கடிதத்தை ஜெபராணியிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

"திங்கக்கெழம நம்ம மிஷின் எழுந்திரிச்சா இத்த கிழிச்சிப் போட்டுடறேன். எழுந்திரிக்கலன்னா எனக்கு வேற வழி இல்லம்மா, கையெழுத்துப் போட்டுடுவேன். உன் வேல எங்கியும் போகாது. அவங்க மிஷின எடுத்துகினு போயி நீ டெமோ காட்டலாம்."

வேலை போகாது என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஜெபராணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. யாரோ எழுதியதை ஊர் ஊராகத் தூக்கிப்போய்த் தன் வாயால் புகழ்வதா? அதற்கு மதராஸிலேயே இருந்திருக்கலாம்.

முன்கூட்டியே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை வாடகை வேனில் மிஷினை ஏற்றிக்கொண்டு களம்பூர் போனார்கள். கூட வந்தவர் மெக்கானிக் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, வயது ஐம்பத்திரண்டு, பேரன் பள்ளிக்கூடம் போகிறான். காயில் சுற்றுவதில் வடஆற்காடு மாவட்டத்தில் அவருக்குச் சமானம் அவரே என்பது அவருடைய கருத்து. மற்றவர்களும் மறுத்ததில்லை. மில் ஆபீஸ் அறையில் மிஷினை வைத்துப் பதினோரு மணிக்கு சுவிட்சைப் போட்டார்கள். APPANDAI என்று பெயர் வந்தது. அதோடு சரி. அம்புக்குறி வரவில்லை. டிரைவ் கடகடவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றது. இருபது முறை போட்டார்கள், இருபது முறையும் அதே கதை.

தவிட்டுத் தூசி என்றார் அப்பாண்டைநாதன். பிளாஸ்டிக் துணி கட்டினார்கள். மோட்டார் இரைச்சல் லைனில் ஏறுகிறது என்றார் சின்னப்பையன். ஒன்றுக்கு மூன்றாக ஸ்டெபிலைசர் மாட்டினார்கள். மூன்று ஊசியும் இருநூற்று முப்பதில் அசையாமல் நின்றன, மிஷினும் அசையாமல் நின்றது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பட்டறையில் போட்டால் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக முதல் தடவையிலேயே எழுந்தது. ஆக, கோளாறு மில்லில்தான் என்று மூன்று பேரும் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சின்னப்பையன் ஒருபடி மேலே போய், அந்த மில்லுக்கு எர்த் சரியில்லை என்று அன்றைக்கே களம்பூர் போய்க் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, புதுசாக எர்த் பைப் இறக்கிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை மறுபடி போனார்கள். பதினோரு மணி. பெயர் வந்தது, அம்புக்குறி வரவில்லை. சின்னப்பையன் தான் இறக்கிய எர்த் பைப்பைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்பாண்டைநாதன் வெளியே போய் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனதுக்குள் பம்பாய்க் கடிதத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார் என்று ஜெபராணிக்குப் புரிந்தது.

அவள் மட்டும் மிஷின் முன்னால் உட்கார்ந்து, மெமரிக்குள் எது வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திரைக்கு வரவழைத்துப் பார்த்தாள். சி.பி.எம். வந்திருந்தது. முதல் துண்டு, இரண்டாவது, மூன்றாவது என்று இருபத்தைந்து வரை எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. இருபத்தாறாவது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சைபர். தட்டை மாற்றிப் பார்த்தாள். அதிலும் இருபத்தைந்து உண்டு, இருபத்தாறாவது இல்லை. தூசி விழுந்திருந்தால் எங்கே வேண்டுமானாலும் ஓட்டை விழவேண்டும். ஒவ்வொரு முறையும் கடைசித் துண்டு மட்டும் எதற்காகத் தவறவேண்டும்?

மில்லுக்கு எதிரே ஒரு வீட்டில் காதுகுத்து. மைக்செட்காரர் காலையிலிருந்து ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்தார். ரேடியோவில் தினமும் வருகிற சினிமாப் பாட்டு ஒன்று ஓடியது. ஜெபராணி அதைக் கேட்டும் கேட்காமலும் உட்கார்ந்திருந்தவள், பாதிப் பாட்டில் முகத்தைச் சுளித்தாள். சுருதி இறங்கியிருந்தது. சர்ச் பாடகர் குழுவில் அவள் பன்னிரண்டு வருஷமாகப் பாடுகிறாள். ஆர்மோனியம் ரிப்பேருக்குப் போகிற வாரங்களில் பாட்டைத் தொடங்க அவளிடம்தான் சுருதி கேட்பார்கள். கேட்டால் ஆர்மோனியத்தின் கட்டையையே தொண்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அந்தக் காதுக்கு இது தப்பவில்லை. பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுகிறார். அடுத்த பாட்டு வந்தது. அவரும் தூக்கக் கலக்கம். பாடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் சுருதி இறங்காது. ரெக்கார்டுதான் மெதுவாகச் சுற்றுகிறது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். ரெக்கார்டைச் சுற்றுவது கரண்டில் ஓடுகிற மோட்டார். ஃபிளாப்பித் தட்டைச் சுற்றுவதும் அதே கரண்டில் ஓடுகிற மோட்டார்தான்.

மில்லில் ரிப்பேராகிக் கிடந்த ஜெனரேட்டரின் பலகையில் ஒரு மீட்டர் இருந்தது. ஊசி கிடையாது, சின்னச் சின்னத் தகட்டு நாக்குகள் வரிசையாக நிற்கும். மின்சாரம் விநாடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறதோ அந்த எண்ணுக்கு நேரான நாக்கு மட்டும் படபடவென்று ஆடும். ஐம்பது ஆடவேண்டும். சின்னப்பையனைக் கூப்பிட்டு அதை மெயின் லைனுக்கு மாற்றிப்போடச் சொன்னாள். ஐம்பது செத்துக் கிடந்தது. ஆடிக்கொண்டிருந்தது நாற்பத்தெட்டு.

சின்னப்பையன் ஸ்டெபிலைசரைக் காட்டினார். "வோல்டேஜி கரெக்டா கீதே ராணிம்மா. எரநூத்தி முப்பது. ஊசிய பாரு."

"வோல்டேஜ் சரிதாண்ணே. வேகம்தான் சரியில்ல. இத்தினி நாளா நாம ஊசியவே பாத்துகினு இருந்துட்டோம்."

வயலுக்கு மோட்டார் ஓடுகிற நேரம் வந்தால் மாநிலத்துக் கிணறெல்லாம் சேர்ந்து கரண்டை இழுக்கும். அதன் வேகம் தளரும். ஊரெல்லாம் ஓய்ந்திருக்கிற அதிகாலையில் ஐம்பது வரும். அவர்கள் இரண்டு வருஷமாக மிஷினைப் போட்டுப் பார்த்தது அந்த அதிகாலையில் மட்டும். ஆக கோளாறு களம்பூரிலும் இல்லை, தூசியிலும் இல்லை, பாவம் அந்த எர்த் பைப்பிலும் இல்லை. பதினோரு மணிக்கு ஆரணியில் போட்டிருந்தாலும் இதே கதிதான். தட்டு நூற்றுக்கு நான்கு பங்கு மெதுவாகச் சுற்றுகிறது. இருபத்தாறில் அது ஒரு துண்டு. டைமர் கரண்டின் வேகத்தை நம்பியது இல்லை, அது நேரத்துக்கு மணி அடித்துவிடுகிறது. இருபத்தாறாவது துண்டு வாசலுக்கு வருகிறபோது லோடர் கதவைச் சாத்திவிட்டது.

தப்பு அவளுடையது. சுவரில் ஒட்டிவைத்து ரசித்தாளே, அந்தச் சாமர்த்தியமேதான் தப்பு. ஒரு நிமிஷம் அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. அடுத்த நிமிஷம் சந்தோஷம் தாங்கவில்லை. தன் கையால் போட்ட முடிச்சைத் தன் கையால் அவிழ்க்கலாம். அதற்கு யாரிடமும் போய் நிற்கவேண்டியதில்லை. அப்பாண்டைநாதனிடம் போய் விஷயத்தைச் சொல்லி, திங்கட்கிழமைக்குள் மாற்றி எழுதிவிடுகிறேன் என்றாள். ஸ்டெபிலைசர் செய்து இருபது வருஷம் சாப்பிட்டவனுக்கு இது தோன்றவில்லையே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாள். பாடகர் குழு ஆயிற்றே, போகாமல் முடியாது. பிரசங்கம் முழுவதும் மனதுக்குள் கட்டங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். கர்த்தர் மன்னிப்பார் என்று ஒரு தைரியம். டைமரைத் தூக்கிவிட்டு, துண்டு துண்டாக எண்ணி வாங்கவேண்டும். தட்டு மெதுவாகச் சுற்றட்டும், வேகமாகச் சுற்றட்டும், இருபத்தாறு வந்து சேர்கிறவரை லோடர் காத்திருக்க வேண்டும். எழுதிப் பார்த்தால் நூற்று நாற்பத்தொன்று வந்தது. பிழிந்து பிழிந்து நூற்று முப்பத்தேழுக்குக் கொண்டுவந்தாள். அதற்கு மேல் ஒரு சொட்டு இறங்கவில்லை. இன்னும் ஒன்பது கட்டம் அதிகம்.

மத்தியானம் மூன்று மணிவரை தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி வரியில் அந்த ஒன்பது இருந்தது. APPANDAI என்ற எட்டு எழுத்து, முடிவுக்கு ஒரு குறி. அதை எடுத்தால் அதைத் திரைக்கு அனுப்புகிற கட்டளைகளும் மிச்சமாகும். தாராளமாக இடம் இருக்கும். ஆனால் அது முதலாளியின் பெயர். செய்கிற ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் பெயரைப் பொறித்தே வெளியே அனுப்புகிற மனிதர். மிஷின் கண் விழித்ததும் முதலில் தன் பெயரைத்தான் சொல்லவேண்டும் என்பதுதான் லோடர் வேலையில் அவர் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம்.

வீட்டுக்கே போய்க் கேட்டாள். அப்பாண்டைநாதன் சாயங்காலச் சாப்பாட்டுக்கு இலை போடச் சொல்லியிருந்தார். தாளை வாங்கி, அந்தக் கடைசி வரியை விரலால் தடவினார்.

"வேற எங்கியும் எடம் இல்லியா?"

"இல்லைங்க சார். எல்லா இடத்துலயும் தேடிட்டேன்."

"அப்போ எடுத்துடு. பேர பொட்டி மேல பெயின்ட்ல எழுதிக்கலாம், அதுக்கு பைட் வேணாம்."

அவர் லேசாகச் சொன்னாலும் அது லேசான காரியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றோடு அந்த மனிதர் மேல் அவளுக்கு இருந்த மரியாதை இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. அவர் சாவியையும் எடுத்துக் கையில் கொடுத்தார். பெயரை எடுத்த பிறகு லோடர் நூற்று பத்தொன்பது கட்டத்தில் அடங்கியது. பட்டறையைத் திறந்து, தட்டின் முதல் துண்டில் புதிய எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கரண்ட் நன்றாக இருந்தது, சோதிப்பதற்கு அது கெட்டுப்போகவும் மாட்டேன் என்றது. சின்னப்பையன் டிரைவின் மூடியைக் கழற்றி, சுற்றுகிற சக்கரத்தின் விளிம்பில் கட்டைவிரலை மெல்ல வைத்து அழுத்தினார். தட்டு தளர்ந்தது. பழைய தட்டைப் போட்டால் படுத்தது. புதியதைப் போட்டால் எழுந்தது. விரல் சூடு தாங்காமல் உதறிக்கொண்டே அவர் பத்துத் தடவை அழுத்தினார், பத்துத் தடவையும் எழுந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணி. சம்பந்தத்தின் ஆபீஸ் அறையில் ஒன்பது மில்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெபராணி முதலில் போய்ப் பார்த்தது ஜெனரேட்டர் பலகையை. நாற்பத்தெட்டு ஆடிக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது. ஐம்பது ஆடியிருந்தால்தான் அவளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

சுவிட்சைப் போட்டாள். டிரைவ் சத்தம் போட்டது. பெயர் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கறுப்புத் திரை. அப்புறம் ஓர் A, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. சின்னப்பையன் கதவோரத்தில் நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மில்காரர்கள் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, அவ்ளோதானா?" என்றார் சம்பந்தம்.

எழுந்துவிட்டது, இனிமேல் நீங்கள் கேட்பதைச் சொல்லும் என்றாள் ஜெபராணி. அப்பாண்டைநாதன் லாரி விவரங்களைக் காட்ட ஆரம்பித்தார். தேவிகாபுரத்திலிருந்து வந்த லாரி எத்தனை, படவேட்டிலிருந்து எத்தனை என்று மிஷின் பட்டியல் போட்டது. பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். எங்கள் குமாஸ்தாவும் இதைச் சொல்வாரே என்றார் இன்னொருவர்.

அப்போது கரண்ட் போனது. மில்லின் இரைச்சல் ஒரேயடியாக நின்றுபோய், பெல்ட்டுகள் சோம்பலாகச் சுற்றி அடங்குகிற ஓசை மட்டும் கேட்டது. திரை இருண்டது. பேஜார் என்று முனகிக்கொண்டே சம்பந்தம் வெளியே ஓடினார். ஆட்களும் ஓடினார்கள். அரைகுறையாய் நின்றுபோன மிஷின்களிலிருந்து நெல்லை இறக்க வேண்டும், எல்லா ஸ்டார்ட்டரையும் அணைத்து வைக்க வேண்டும், கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாய்ப் போட வேண்டும். அப்பாண்டைநாதன் மிஷின் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க சார். போட்டது போட்டபடி இருக்கட்டும்" என்றாள் ஜெபராணி. அதைச் சொல்ல அவளுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பத்து நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது. வெளியே ஒரே கூச்சல், அதைப் போடு, இதைப் போடாதே, ஜல்தியா வா என்று. அறைக்குள் யாரும் மிஷினைத் தொடவில்லை. டிரைவ் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக ஜெனரேட்டர் பலகை தெரிந்தது. கரண்ட் வந்த வேகத்தில் ஊரெல்லாம் சேர்ந்து இழுத்ததில் நாற்பத்தெட்டுகூட ஆடவில்லை, அதற்கும் கீழே ஒரு நாக்கு ஆடியது. லோடர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இருபத்தாறையும் எண்ணி வாங்கிவிட்டுத்தான் விட்டது. சம்பந்தம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது திரையில் A காத்துக்கொண்டிருந்தது.

அவர் வாசலிலேயே நின்றார். "யாரு போட்டது?"

ஒருவரும் போடவில்லை என்றார் சின்னப்பையன். கொட்டாவி விட்டவரும் ஆமாம் என்று சாட்சி சொன்னார்.

"கரண்ட் போயி வந்தா எம் மில்லுல ஏழு பேரு ஓடணும்" என்றார் சம்பந்தம் மெதுவாக. "இது ஆள் தொடாம தானா எழுந்துக்குதா?"

நம்பிக்கை வராமல் அவரே போய் ஆபீஸ் அறையின் மெயின் சுவிட்சை இழுத்தார். திரை இருண்டது. போட்டார். காத்திருந்தார். A வந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி வந்தது. மற்ற எட்டு மில்காரர்களும் நாற்காலியை விட்டு எழுந்து மிஷினைச் சுற்றி நின்றார்கள். லாரிப் பட்டியலுக்குத் தலையாட்டியவர்களுக்கு இப்போது கண் விரிந்தது. எழுந்து நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தினமும் ஆறு தடவை கரண்ட் போகிற மில்லை வைத்திருப்பவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"இத்த எழுப்புறது எது? யாரு செஞ்சது?" என்று அப்பாண்டைநாதனைக் கேட்டார் சம்பந்தம்.

அப்பாண்டைநாதன் ஒரு அடி பின்னால் நகர்ந்து ஜெபராணிக்கு வழிவிட்டார். இத்தனை பேர் முன்னால் அவள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இதுதான் முதல் தடவை. குரல் தெளிவாகவே வந்தது.

"நான் எழுதினதுங்க. முழுசும் நானே எழுதினது."

சம்பந்தம் அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு சங்கத்தாரைப் பார்த்தார். முதலில் என் மில்லுக்கும் கொட்டாவி விட்டவர் மில்லுக்கும் போடுங்கள், மழைக்காலம் வருவதற்குள் மற்ற ஏழுக்கும் வரட்டும் என்றார். அப்பாண்டைநாதன் எழுதிக்கொள்ளத் தாள் தேடி, சட்டைப் பையில் இருந்த பம்பாய்க் கடிதத்தை எடுத்து, அதன் முதுகில் ஒன்பது மில்லின் பெயரையும் எழுதிக்கொண்டார். பேசவேண்டியதெல்லாம் பேசி முடித்து எல்லோரும் காப்பிக்குக் கிளம்பினார்கள். சம்பந்தம் மட்டும் கடைசியாக மெயின் சுவிட்சின் பக்கம் போனார்.

"ஆர்டர் போட்டாச்சுங்களே, இன்னும் என்ன சந்தேகம்?" என்றார் அப்பாண்டைநாதன்.

"சந்தேகம் ஒண்ணும் இல்ல நயினாரே. சும்மா பாக்கலாம்னுதான்" என்றார் சம்பந்தம், சுவிட்சை இழுத்துப் போட்டார். காப்பிக்குப் போக எழுந்த ஜெபராணியும் நின்றுவிட்டாள். அவளுக்கும் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் போலிருந்தது.